பூஜையில் இருந்த பாறை

எனக்குக் கோபம் சட்டென்று வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறைப்படக் கூடாது. ஆனால் துர்காஷ்டமி சாயங்காலம் என் அக்கா சீதாலக்ஷ்மி என்னுடைய கைலென்ஸைத் தூக்கிப் பூஜையில் வைத்தாளே, அன்றைக்கு வந்த மாதிரி ஒரு கோபம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததே இல்லை.

நான் பத்மப்ரியா. பாறைகளைப் படிப்பதுதான் வேலை, அதில் டாக்டர் பட்டமும் உண்டு. திருவனந்தபுரத்திலேயே ஓர் ஆய்வகத்தில் இருக்கிறேன். அக்கா வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவள். கோட்டைக்குள் எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவளுக்கு எல்லாமே முறைப்படி நடக்க வேண்டும். எனக்கு எல்லாமே இப்போதே நடக்க வேண்டும். பொழுது நன்றாகவே போகும்.

அன்று பக்கத்து வீட்டில் மதில் கட்டுவதற்காக ஒரு டிப்பர் கல் இறக்கினார்கள். வேலை விட்டு வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்று பார்த்தேன். யார் வீட்டு வாசலில் கல் கிடந்தாலும் பார்ப்பேன், அது என் புத்தி. எல்லாம் சாம்பல் நிறக் கருங்கல். நடுவில் ஒன்று மட்டும் கரும்பச்சை. எடுத்தால் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கிற்று. உள்ளே உருண்டை உருண்டையாகத் தாதுக்கள், பாயசத்தில் முந்திரி கிடக்கிற மாதிரி. ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. பையை அப்படியே தரையில் போட்டுவிட்டேன்.

அது கிம்பர்லைட் மாதிரி இருந்தது. எரிமலைப் பாறைகளில் அது ஒரு தனி ஜாதி. வைரம் அந்தப் பாறையில் பிறப்பதில்லை, நிறையப் பேர் அப்படி நினைக்கிறார்கள். வைரம் பிறப்பது பூமிக்குள் வெகு ஆழத்தில். கிம்பர்லைட் குழம்பு அதையும் அள்ளிப் போட்டுக்கொண்டு மேலே பாய்ந்து வருகிறது, அவ்வளவுதான். சூப்பர்ஃபாஸ்ட் பஸ் மாதிரி எங்கும் நிற்காமல் வர வேண்டும். ஆர்டினரி பஸ் மாதிரி நின்று நின்று வந்தால் வைரம் வழியிலேயே பென்சில் கரியாகிவிடும். எல்லா பஸ்ஸிலும் ஆள் இருக்காது, முக்கால்வாசி காலியாகத்தான் வரும். ஆனாலும் ஆந்திராவில் இருக்கிற அந்தப் பாறை எங்கள் தென்கோடியில் உண்டென்று நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. புத்தகப்படி இங்கே அது இருக்கவே கூடாது. இருக்கக் கூடாதது என் உள்ளங்கையில் இருந்தால் எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

எல்லாம் அந்தச் சிவப்புப் புள்ளியில்தான் இருந்தது. கிம்பர்லைட்டோடு ஆழத்திலிருந்து ஒரு வகை கார்னெட் வரும். நாவல்பழ நிறம், சுற்றிலும் கறுப்பு வளையம். எங்கள் ஊர்ப் பாறையிலும் கார்னெட் கொட்டிக் கிடக்கிறது, ஆனால் அது வெறும் செங்கல் சிவப்பு. லென்ஸ் வைத்தால் எது என்று தெரிந்துவிடும். டிப்பர் டிரைவரைப் பிடித்து விசாரித்தேன். அது யார்டில் அள்ளிய கல், மூன்று குவாரிக் கல்லும் அங்கே கலந்து கிடக்கும் என்றான். இந்த மாதிரிக் கறுப்புப் பட்டை ஓடுகிற பாறை விதுரா போகிற வழியில் திரவியத்தின் குவாரியில் இருக்கிறது, பூஜை முடிந்த கையோடு அதை வெடி வைத்து ஜல்லியாக்கப் போகிறார்கள் என்றும் சொன்னான்.

கல்லைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு லென்ஸைத் தேடினேன். இல்லை. சுத்தியலும் இல்லை. டார்ச் எடுத்துக்கொண்டு திரும்பினால் கல்லும் இல்லை.

"வச்சாச்சு," என்றாள் அக்கா, பூஜை அறையிலிருந்து. "விஜயதசமி கார்த்தால எடுத்துக்கலாம்."

"கல்லையுமா வச்சே?"

"பின்னே? உன் தொழில் கல்லுதானே?"

"அது பக்கத்தாத்துக் கல்லுடி."

"யாராத்துக் கல்லா இருந்தா என்ன? மேசை மேல இருந்தது. தொழில் சாமானை வெளியில விட்டா தோஷம் ஆக்கும்."

எங்கள் பக்கத்தில் இதுதான் முறை. அஷ்டமி சாயங்காலம் புத்தகம், கருவி எல்லாவற்றையும் சரஸ்வதி முன்னால் அடுக்கிப் பட்டுத்துணியால் மூடிவிட வேண்டும். விஜயதசமி காலையில் பூஜை எடுக்கிற வரை படிக்கவும் கூடாது, தொழிலும் கூடாது. சின்ன வயதில் இந்த நாட்களுக்காக நான் வருஷம் முழுக்கக் காத்திருப்பேன், கணக்குப் புத்தகம் மாட்டிக்கொள்ளுமே என்று. இப்போது நான் மாட்டிக்கொண்டேன். அக்கா அடுக்களைக்குப் போன நேரத்தில் பட்டின் நுனியைப் பிடித்தேன். சாமி, தோஷம் எதிலும் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் கை தூக்கவில்லை. விட்டுவிட்டு வந்து கதவைப் படாரென்று சாத்தினேன்.

ஆய்வக டைரக்டரைப் போனில் கூப்பிட்டேன். லீவில் ஊருக்குப் போயிருந்தார். அந்தக் குவாரிப் பாறையிலிருந்தே ஆதாரம் இருந்தால் கூப்பிடு, உடனே யாரிடமாவது பேசி நிறுத்துகிறேன், தெருவில் கிடந்த கல்லை வைத்துக்கொண்டு பேச முடியாது என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால் இன்னும் கோபம் வந்தது.

மறுநாள் நவமி. எங்கள் ஆய்வக டெக்னீஷியன் ஞானையன் ஜீப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். பாறசாலைக்காரர். போனிலேயே எல்லாம் சொல்லியிருந்தேன். சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு சுத்தியலை எடுத்துக் காட்டினார்.

"மேடத்துக்க சுத்தியல் பூஜையில. எனக்க சுத்தியல் பூஜையில இல்ல. நான் சி.எஸ்.ஐ. சர்ச்சுக்காரன் ஆக்கும்."

அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. நெடுமங்காடு தாண்டுகிற வரைக்கும் நான் விடாமல் பேசிக்கொண்டே வந்தேன், அவர் "ஓ, ஓ" என்று மட்டும் சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

குவாரியில் வேலையாள் ஒருவர்கூட இல்லை. ஜே.சி.பி.க்கு மாலை போட்டு இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். கம்ப்ரசர், துளை போடுகிற மெஷின், கடப்பாரை எல்லாம் ஷெட்டுக்குள் வரிசையாகச் சந்தனம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அப்பால் பாறை முகம். சாம்பல் பாறைக்கு நடுவில், மேலிருந்து கீழ் வரை, ஓர் ஆள் அகலத்துக்குக் கரும்பச்சைப் பட்டை. குழம்பு வெடித்து மேலே வந்த வழியேதான் அது. கீழிருந்து பாய்ந்து, பாறையைப் பிளந்துகொண்டு, உறைந்து நின்றுவிட்டது. நான் ஜீப் நிற்பதற்குள் குதித்துவிட்டேன்.

சுத்தியலோடு ஓடியவளைக் கை நீட்டி மறித்தார் ஒருவர். வெள்ளை வேட்டி, நெற்றியில் குங்குமம். அவர்தான் திரவியம், குவாரி முதலாளி, மார்த்தாண்டத்துக்காரர். நாங்கள் வருவதை ஞானையன் போனில் சொல்லியிருந்தார்.

"நில்லுங்க டாக்டரே. பாறையும் பூஜையிலயாக்கும். இன்னைக்கி இதுல இரும்பு படப்பிடாது."

அப்போதுதான் பார்த்தேன். பாறையிலேயே மூன்று இடத்தில் சந்தனம் பூசிப் பொட்டு வைத்திருந்தார்கள். அந்தப் பட்டையில் வரிசையாகத் துளையும் போட்டு வைத்திருந்தார்கள். வெடிமருந்து நிறைப்பதுதான் பாக்கி. துளை போட்டவன் அஷ்டமியன்று மெஷினைப் பூஜையில் வைத்துவிட்டதால் வேலை அப்படியே நின்றிருக்கிறது. முந்தின சாயங்காலத்திலிருந்து நான் எந்தப் பூஜையைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தேனோ, அந்தப் பூஜைதான் என் பாறையைக் காப்பாற்றி வைத்திருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

"எப்போ வெடி?" என்றேன்.

"நாளைக்கி காலையில எட்டு மணிக்குப் பூச எடுப்போம். எடுத்த ஒடனே மொதல் அடி. அப்பறம் மருந்து நெறச்சு வெடி. வருசா வருசம் இப்பிடித்தான்."

ஷெட்டில் சாமி படத்துக்குக் கீழே ஒரு பலகை. அதில் வரிசையாகச் சின்னக் கற்சில்லுகள், எல்லாம் சாம்பல் நிறம். ஒவ்வொரு விஜயதசமிக்கும் முதல் அடியில் விழுகிற சில்லைக் கழுவித் துடைத்து அங்கே வைப்பார்களாம். நான் அந்தப் பலகையைப் பார்த்தபடியே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸைச் சொன்னேன், நாவல்பழ நிறத்தைச் சொன்னேன், கறுப்பு வளையத்தைச் சொன்னேன். மூச்சு விடாமல் சொன்னேன்.

"அதான் பாத்தேன்," என்றார் அவர் மெதுவாக. "மத்த பாறையில மெஷின் கெடந்து அலறும். இதுல வெண்ணயில எறங்குற மாதிரி எறங்கிச்சு. பொடியும் பச்சையா வந்துச்சு. சரி, நீங்க சொன்ன கல்லு இருந்தா எனக்கு என்ன கிடைக்கும்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஒண்ணும் கிடைக்காது. சர்க்கார் வந்து குவாரியைப் பூட்டிடுவா. எத்தனை நாளைக்குன்னு எனக்கே தெரியாது."

ஞானையன் பின்னால் நின்று தலையில் கை வைத்துக்கொண்டார். திரவியம் சிரித்துவிட்டார்.

"எனக்க வயித்துல மண்ணள்ளிப் போடதுக்கு எங்கிட்டயே வந்து சுத்தியலுக்கு உத்தரவு கேக்கியளே. நல்ல ஆளுதான்." பாறையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "ஒண்ணு செய்யலாம். நாளைக்கி மொதல் அடிய ஒங்களுக்குத் தாறேன். ஒரே ஒரு அடி. அதுல நீங்க சொன்ன கல்லு தெரிஞ்சா வெடி இல்ல. தெரியலன்னா எனக்க வேலய நான் பாப்பேன். சம்மதமா?"

"சம்மதம்."

"ஆனா பூசையில இருந்து எடுத்த ஆயுதந்தான் மொதல்ல படணும். இந்தச் சுத்தியல் வேண்டாம்."

ஞானையன் முகம் சுண்டிப்போய்விட்டது.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் குதித்தேன். எங்கள் வீட்டில் பூஜை எடுப்பதும் காலையில்தான், விடிந்து, குளித்து, நைவேத்தியம் எல்லாம் முடிந்து ஏழரைக்கு. குவாரியில் எட்டு மணி. கோட்டையிலிருந்து அங்கே போக ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். லென்ஸும் வெடியும் ஒரே முகூர்த்தத்தில் கட்டவிழ்ந்தால் நான் எப்படிப் போய்ச் சேருவது? முறையாவது மண்ணாங்கட்டியாவது என்று கத்தினேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"கத்தாதே. அது என்ன கல்லுன்னு மொதல்ல சொல்லு."

பஸ் கதையை மறுபடி சொன்னேன். கேட்டுவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்போ கேஷ் வேன்னு சொல்லு. உள்ள சரக்கு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்."

"ஆமா."

"காலி வேனா இருந்தாலும் எந்த வழியா வந்ததுன்னு தெரியுமில்லியோ?"

"அதுதாண்டி எனக்கு வேணும்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வங்கிக் குரலில் சொன்னாள். "பூஜையை உடைக்கத்தான் படாது. இடம் மாத்தலாம். ஒரு பிராஞ்சுலேர்ந்து இன்னொரு பிராஞ்சுக்குச் சீல் உடையாம பெட்டி போறதில்லியோ? அந்த மாதிரி. நானும் வரேன், அங்கே வச்சே எடுக்கலாம். கூட ஆள் இல்லாம பெட்டி போகப்படாது."

என் அக்காவை அன்றைக்குப் போல நான் என்றைக்கும் நேசித்ததில்லை.

விஜயதசமியன்று விடிகிற நேரத்தில் கிளம்பினோம். ஞானையன் ஓட்டினார். அக்கா பட்டுப் புடவையில் முன்சீட்டில், பட்டுத்துணி மூட்டையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழியில் ஜீப் குலுங்கியபோதெல்லாம் "மெதுவா, மெதுவா, உள்ள சரஸ்வதி இருக்கா" என்றாள். எனக்கு ஜீப்பை விட்டிறங்கி முன்னால் ஓடிவிடலாம் போல இருந்தது.

குவாரியில் வேலைக்காரர்கள் எல்லோரும் புதுச்சட்டையில் நின்றிருந்தார்கள். செய்தி பரவிவிட்டது. ஷெட்டில் அவர்கள் பூஜைக்குப் பக்கத்திலேயே அக்கா மூட்டையை வைத்து, கற்பூரம் காட்டி, சீல் உடைக்கிற தோரணையில் முடிச்சை அவிழ்த்தாள். லென்ஸைக் கையில் கொடுத்தாள். நான் முதல் வேலையாகப் பக்கத்து வீட்டுக் கல்லை எடுத்து, அந்தச் சிவப்புப் புள்ளியில் லென்ஸை வைத்தேன்.

துரு. வெறும் இரும்புத் துரு.

கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்தப் புள்ளியை நம்பித்தானே இத்தனை ஆட்டம் ஆடினேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் என் முகத்தைப் படித்துவிட்டு, சுத்தியலின் தலையில் புதிதாகச் சந்தனமும் குங்குமமும் வைத்து நீட்டினாள்.

பாறை முன்னால் போய் நின்றேன். ஒரே அடி. எங்கே அடிப்பது? புள்ளிதான் துரு, அந்த வழுக்கலும் உருண்டைகளும் துரு இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பட்டையின் ஓரத்தில் அடித்துப் பிரயோஜனமில்லை. குழம்பு பாய்ந்து வரும்போது பெரிய மணிகள் எல்லாம் நடுவுக்கு ஒதுங்கிவிடும். அதனால் நடு. கையால் தடவித் தடவி, உருண்டைகள் நெருக்கமாக இருந்த ஓர் இடத்தைப் பிடித்தேன். கண்ணை ஒரு தடவை மூடித் திறந்து, என் கோபம் முழுவதையும் சேர்த்து ஓங்கிப் போட்டேன். ஒரு சில்லு தெறித்து விழுந்தது.

பாறையில் அடி விழுந்த இடத்தில், கறுப்புக்கு நடுவில், சிவப்பாக ஒன்று மின்னிற்று.

பின்னால் கைதட்டல் கேட்டது. திரவியம் குனிந்து பார்த்தார். "தெரியுது டாக்டரே. சுத்திக் கறுப்புந்தான், நடுவுல செவப்புந்தான். நான் வாக்கு மாறமாட்டேன். வெடி இல்ல."

நான் லென்ஸை வைத்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது. அக்கா பக்கம் திரும்பினேன், அவளுக்கும் தெரிந்துவிட்டிருந்தது. பழவங்காடியில் ஒரே கடையில்தான் அவள் குங்குமம் வாங்குவாள். அந்த நிறத்தை எங்கே பார்த்தாலும் எங்களுக்குத் தெரியும். எங்கள் இரண்டு பேரைத் தவிர அங்கே வேறு யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், பாறை பிழைத்துவிடும்.

ஆனால் பாறையில் பொய் சொன்னால் அப்புறம் நான் எதைப் படிப்பது? எரிச்சலோடு கட்டைவிரலை நாக்கில் தொட்டு அந்தச் சிவப்பைத் தேய்த்தேன். அப்படியே விரலோடு வந்துவிட்டது.

"இது எங்க அக்கா வச்ச குங்குமம்," என்றேன். "சுத்தியல்லேர்ந்து ஒட்டிண்டிருக்கு. நீங்க சொன்ன ஒரு அடி முடிஞ்சது."

கைதட்டல் நின்றது. திரவியம் என் விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மருந்து வைக்கிற ஆளிடம் திரும்பி, "சரி, நெறச்சுக்கோ" என்றார். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு துளைகளை நோக்கிப் போனான். ஞானையன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அழுகைகூட இல்லை, முழுக்க முழுக்கக் கோபம்.

திரவியம் குனிந்து, கீழே தெறித்து விழுந்திருந்த சில்லைப் பொறுக்கினார். வருஷத்தின் முதல் சில்லு, அது பலகைக்குப் போக வேண்டும். செம்பில் தண்ணீர் எடுத்துக் கழுவினார். வேட்டி நுனியால் துடைத்தார். திருப்பிப் பார்த்து மறுபடியும் துடைத்தார்.

"ஒங்க அக்கா இந்தப் பக்கமும் வச்சிருக்காங்களா?"

"எந்தப் பக்கம்?"

"இதும் குங்குமந்தானே? போமாட்டேங்குதே."

நான் பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். சில்லின் அடிப்பக்கம், பாறைக்குள் இருந்த பக்கம், சுத்தியல் தொட்டிருக்கவே முடியாத பக்கம். லென்ஸை வைத்தேன். கை நடுக்கத்தில் ஒன்றும் நிலைக்கவில்லை. அக்கா வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அப்போது தெரிந்தது. நாவல்பழ நிறம். வட்டமாகக் கறுப்பு வளையம், மை தீட்டின மாதிரி. பக்கத்திலேயே பச்சை மணி ஒன்று, கண்ணாடிப் பச்சை. எத்தனையோ ஆழத்திலிருந்து எங்கும் நிற்காமல் வந்து, இந்த விஜயதசமி வரைக்கும் இங்கே உட்கார்ந்திருக்கிறது. எனக்குப் பேச்சு வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கும்.

"என்னடி?" என்றாள் அக்கா.

லென்ஸை அவளிடம் கொடுக்கவில்லை. திரவியத்திடம் கொடுத்தேன். அவர்தானே முதலில் பார்த்தவர்.

அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே, துளைகளின் பக்கம் நின்றவனைப் பார்த்து இன்னொரு கையை உயர்த்தினார். "எலேய், நிறுத்து. மருந்த எடுத்துக் கொண்டு போ."

"இந்தச் சிவப்புல குரோமியம் இருக்கான்னு லேபுல பாக்கணும்," என்றேன். எனக்கே கேட்காத குரல். "அப்பறந்தான் உறுதியாச் சொல்ல முடியும். வைரம் இருக்கா இல்லையாங்கறது அதுக்கும் அப்பறம். ஆனா இது போதும் நிறுத்தறதுக்கு."

"குவாரிய எப்பப் பூட்டுவாங்க?"

"டைரக்டரை இப்போ கூப்பிடப் போறேன். இன்னைக்கே ஆள் வந்தாலும் வரும்."

அவர் தலையாட்டினார். வேலைக்காரர்கள் நெருங்கி வந்து சூழ்ந்துகொண்டார்கள். அக்கா தன் முறைக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். திரவியம் இன்னும் கொடுக்கவில்லை. கட்டைவிரலை எச்சில் தொட்டு, அந்தப் புள்ளியை இன்னொரு தடவை அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை.